கலம் எப்படிப் பரவுகிறது, எப்படி நகர்கிறது: கொழும்பில் ஆய்வைத் தொடங்குவோருக்கு

கல அசைவைப் பற்றி வாசிக்கத் தொடங்கும் ஒருவரை முதலில் மலைக்க வைப்பவை பெயர்கள்தான். இன்டெக்ரின், டாலின், கின்ட்லின், வின்குலின், பாக்சிலின், ராக், ரோ, ஆர்ப்2/3 என்று ஒரே பக்கத்தில் இருபது புரதங்கள் வரும். ஒவ்வொன்றையும் மற்றவற்றோடு இணைத்து அம்புக்குறிகள் ஓடும். உயர்தரம் வரை தமிழ்மொழி மூலம் படித்துவிட்டு, பல்கலைக்கழகத்தில் திடீரென்று ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கும் மாணவருக்கு இது இரட்டைச் சுமை. ஆனால் உள்ளே போவதற்கு அந்த இருபது பெயரும் தேவையில்லை. ஆறேழு புரதங்களைத் தெரிந்துகொண்டு, அவை ஒன்றையொன்று எப்போது பிடிக்கின்றன, எப்போது விடுகின்றன என்று கேட்கப் பழகினால் போதும். இரண்டு எளிய பரிசோதனைகளைச் சரியாகச் செய்யத் தெரிந்தால் ஓர் இறுதியாண்டு ஆய்வுத் திட்டத்துக்கு வேண்டியது கையில் இருக்கிறது.

முதன்முறை கல வளர்ப்பு அறைக்குள் போகிறவர்களை நினைத்து இதை எழுதுகிறேன். முதலில் விடயம், பிறகு செய்முறை. செய்முறைக்கு நேராகத் தாவ மனம் வரும். தயவுசெய்து தாவாதீர்கள். இந்தத் துறையில் பிழையான முடிவுகள் பெரும்பாலும் பைப்பெட் பிடிக்கும் கையால் வருவதில்லை, எதை அளக்கிறோம் என்று தெரியாமல் அளப்பதால் வருகின்றன.

முதற்படி: நான்கு வேலைகளைப் பிரித்துப் பாருங்கள்

தட்டையான தளத்தில் ஊரும் ஒரு கலத்தைக் கொஞ்ச நேரம் நுணுக்குக்காட்டியில் பார்த்தால் நான்கு வேலைகள் தெரியும். முன் விளிம்பு மெல்லியதாக வெளியே நீளும். நீண்ட பகுதி தளத்தைப் பிடிக்கும். கலத்தின் உடல் முன்னே இழுபடும். பின்முனை தளத்தை விடும். பிரித்தானிய ஆய்வாளர் மைக்கேல் அபர்குரோம்பியும் அவருடைய குழுவும் 1970இல் பைப்ரோபிளாஸ்ட் என்ற இணைப்பிழையக் கலங்களின் முன் விளிம்பை இப்படி நுணுக்கமாகப் பார்த்து எழுதினார்கள். அந்தப் பிரிப்புத்தான் இன்றைக்கும் பாடநூல்களில் இருக்கிறது.

பனை ஏறுபவரைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். கைகள் மேலே பிடி போடும்; தளைநார் மாட்டிய கால்கள் பிடியை விட்டு மேலே வந்து மறுபடி பிடிக்கும். பிடி போதாவிட்டால் ஆள் சறுக்குவார். எந்தப் பிடியையும் விடாவிட்டால் நின்ற இடத்திலேயே நிற்பார்.

இனி ஒரு புதிய புரதத்தின் பெயர் கண்ணில் பட்டால், தள்ளுதல், பிடித்தல், இழுத்தல், விடுதல் ஆகிய நான்கில் அது எதற்கு உதவுகிறது என்று கொப்பியில் குறித்துவையுங்கள். அக்டின் இழைகளும் ஆர்ப்2/3 தொகுதியும் தள்ளும் வேலையில் வரும். இன்டெக்ரின், டாலின், வின்குலின் பிடிக்கும் பக்கம். மயோசின்-2 இழுக்கும். விடும் பக்கத்தில் எஃப்ஏகே (FAK) என்ற கைனேசும் (கைனேஸ் என்பது பொசுபேற்றுச் சேர்க்கும் நொதியம்), டாலினை வெட்டும் கல்பெய்ன் என்ற நொதியமும், ஒட்டிடங்களை, அதாவது கலம் தளத்தைப் பிடித்திருக்கும் இடங்களை, நோக்கி வளரும் நுண்குழாய்களும் இருக்கும். சில புரதங்கள் இரண்டு இடங்களில் வந்து நிற்கும். அது உங்கள் குழப்பம் இல்லை, புரதங்கள் உண்மையிலேயே அப்படித்தான்.

இரண்டாம் படி: ஒரு சங்கிலியை முழுதாகப் படியுங்கள்

எல்லாவற்றையும் அரைகுறையாகப் படிப்பதை விட, கலத்துக்கு வெளியிலிருந்து உள்ளே வரும் ஒரே ஒரு சங்கிலியை முழுதாகப் படிப்பது மேல். நான் சிபாரிசு செய்வது பைப்ரோநெக்டின், இன்டெக்ரின், டாலின், வின்குலின், அக்டின் என்ற வரிசை.

பைப்ரோநெக்டின் கலப்புறத் தாயத்திலும் (கலங்களைச் சுற்றியுள்ள புரத வலையிலும்) குருதியிலும் இருக்கும் பெரிய புரதம். அதில் கலம் பிடிக்கும் இடம் மிகச் சிறியது. ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம் என்ற மூன்று அமினோ அமிலங்கள் அடுத்தடுத்து நிற்கும் ஒரு துண்டு அது. 1984இல் பியர்ஷ்பாகரும் ருவொஸ்லாட்டியும் இதைக் காட்டினார்கள். அவ்வளவு பெரிய புரதத்தில் மூன்றே அமிலங்கள் கலத்துக்குப் பிடி கொடுக்கின்றன என்பது இப்போது நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. பரிசோதனைக்கும் இது பெரிய வசதி: இந்தத் துண்டைச் சிறு பெப்டைட்டாக மீடியத்தில் (கலம் வளரும் ஊட்டத் திரவத்தில்) கலந்துவிட்டால் கலம் தளத்தைப் பிடிக்காமல் பெப்டைட்டைப் பிடித்துக்கொள்ளும்.

அந்தத் துண்டைப் பிடிப்பது இன்டெக்ரின். இந்தப் பெயர் ரிச்சர்ட் ஹைன்ஸின் குழு 1986இல் வைத்தது. ஹைன்ஸ், ருவொஸ்லாட்டி, திமொதி ஸ்பிரிங்கர் மூவருக்கும் 2022இல் இந்தப் பணிக்காக லஸ்கர் விருது கிடைத்தது. இன்டெக்ரின் ஓர் அல்பா சங்கிலியும் ஒரு பீட்டா சங்கிலியும் சேர்ந்த சோடி. மனிதரில் 18 அல்பாக்களும் 8 பீட்டாக்களும் சேர்ந்து 24 சோடிகளை உருவாக்குகின்றன. பைப்ரோநெக்டினுக்குரியதாக அதிகம் படிக்கப்பட்ட சோடி அல்பா5-பீட்டா1.

இங்கே ஒரு விடயத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான இன்டெக்ரின்களில் கலத்துக்கு உள்ளே இருக்கும் வால் மிகக் குட்டை. அதற்குச் சொந்தமாக நொதியத் தொழிற்பாடும் கிடையாது. ஆகவே இன்டெக்ரின் கலத்துக்குள் எதைச் சொல்ல வேண்டுமானாலும் வேறொரு புரதத்தோடு இணைந்துதான் சொல்ல முடியும். புரத இடைத்தாக்கங்களைப் படிக்காமல் கல அசைவைப் படிக்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

சும்மா இருக்கும் இன்டெக்ரின் மடங்கிய நிலையில், பிடிக்கும் ஆர்வம் குறைந்து இருக்கும். உள்ளேயிருந்து டாலினின் தலைப்பகுதி பீட்டா வாலில் வந்து இணையும். கின்ட்லின் அதே வாலில் வேறோர் இடத்தில் இணையும். இவை சேரும்போது இன்டெக்ரின் நிமிர்ந்து வெளியிலுள்ள பைப்ரோநெக்டினை இறுகப் பிடிக்கும். உள்ளே நடக்கும் இணைப்பு வெளியே பிடியை இறுக்குகிறது. இதன் கனம் தெரிய வேண்டுமென்றால் நோய்களைப் பாருங்கள். வெண்குழியங்களின் பீட்டா2 சங்கிலியில் குறை உள்ள குழந்தைக்குக் குருதியில் வெண்குழியங்கள் நிறைய இருக்கும், ஆனால் அவை குருதிக்குழாய்ச் சுவரைப் பிடித்து வெளியேற மாட்டா. கொப்பூழ்க்கொடி விழத் தாமதமாகும், தொற்றுகள் திரும்பத் திரும்ப வரும், சீழ் பிடிக்காது. கின்ட்லின்-3இல் குறை இருந்தாலோ இன்டெக்ரின் முழுமையாக இருந்தும் உள்ளேயிருந்து அதை எழுப்ப ஆள் இல்லை. தொற்றோடு குருதிப்பெருக்கும் சேர்ந்து வரும்.

இனி டாலினின் உடல். ஏறக்குறைய 270 கிலோடால்டன் எடையுள்ள இந்தப் புரதத்தின் தலை இன்டெக்ரினோடும், நீண்ட கோல்பகுதி அக்டினோடும் இணைகிறது. கோல்பகுதியில் வின்குலின் இணையக்கூடிய இடங்கள் 11 இருக்கின்றன, ஆனால் அவை மடிப்புகளுக்குள் மறைந்து கிடக்கின்றன. அக்டின் பின்னோக்கி இழுக்க, இன்டெக்ரின் விடாமல் நிற்க, நடுவில் டாலின் நீட்சியடையும். சுமார் 5 பிக்கோநியூட்டன் விசையிலேயே அதன் முதல் மடிப்பு திறந்துவிடும். மறைந்திருந்த இடம் வெளியே வர, வின்குலின் வந்து இணைந்து அக்டினையும் பிடித்துப் பிடியைப் பலப்படுத்தும். இழுவை இல்லாவிட்டால் இந்த இணைப்பே இல்லை. இரண்டு புரதங்களைச் சோதனைக் குழாயில் ஒன்றாகப் போட்டு, இவை இணைகின்றனவா என்று பார்த்தால் போதும் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு உதாரணத்தை மறக்கக் கூடாது.

இதிலிருந்து நேரடியாக ஒரு செய்முறைப் பாடம் வருகிறது. உங்கள் பிளாஸ்டிக் தட்டு உடலின் எந்த மென்மையான இழையத்தையும் விடப் பல மடங்கு விறைப்பானது. விறைப்பான தளத்தில் கலம் நன்றாக இழுக்க முடியும், அதனால் பெரிய ஒட்டிடங்கள் வரும், கலம் அகலமாகப் பரவும். மென்மையான ஜெல்லில் அதே கலம் சுருங்கி நிற்கும். தட்டில் கண்டதைத் தோலில் நடப்பதாக எழுத முன் இதை நினையுங்கள்.

மூன்றாம் படி: ராக், ரோ, சிடிசி42

மேலே சொன்ன சங்கிலி எங்கே, எப்போது வேலை செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கும் ஆளிகள் இவை. ஜிடிபி (GTP) என்ற சிறு மூலக்கூறு இணைந்திருக்கும்போது தொழிற்படும் நிலை. அந்த நிலையில்தான் தமக்குரிய புரதங்களோடு இணையும். 1992இல் ஆன் ரிட்லியும் அலன் ஹோலும் லண்டனில் இதைக் கண்டார்கள்: சீரம் இல்லாமல் பட்டினி போட்ட பைப்ரோபிளாஸ்ட் கலங்களில் ரோவைத் தூண்டினால் தடித்த அக்டின் கற்றைகளும் ஒட்டிடங்களும் வந்தன, ராக்கைத் தூண்டினால் விளிம்பு அலையலையாக எழுந்தது.

ராக், வேவ் என்ற தொகுதியோடு இணைந்து அதை எழுப்பும். வேவ், ஆர்ப்2/3ஐ எழுப்பும். ஆர்ப்2/3 ஏற்கெனவே உள்ள அக்டின் இழையிலிருந்து சுமார் 70 பாகைக் கோணத்தில் புதிய கிளையைத் தொடக்கும். இப்படிக் கிளைத்த வலை வளர்ந்து மென்சவ்வைத் தள்ளும். ரோவோ, தமிழில் ராக் என்றே எழுத வரும் (ROCK) ஒரு கைனேசை எழுப்பும். குழப்பம் வராமல் இருக்க அதை ரோ-கைனேஸ் என்றே எழுதுகிறேன். அது மயோசினைச் சுருங்க வைக்கும். சிடிசி42 ஊசி போன்ற நீட்டங்களையும் திசையையும் பார்த்துக்கொள்ளும்.

முன்னால் ராக், பின்னால் ரோ என்று பாடநூல் படம் காட்டும். தொடங்குவதற்கு அது நல்ல படம். ஆனால் உயிருள்ள கலங்களில் ஒளிரும் உணரிகளால் பார்த்தபோது ரோ முன் விளிம்பிலும் தொழிற்படுவது தெரிந்தது. உங்கள் முடிவு பாடநூல் படத்தோடு ஒத்துப்போகாவிட்டால் உடனே பரிசோதனை பிழை என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

நான்காம் படி: பரவுவது வேறு, நகர்வது வேறு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் வாசிக்க நேரம் இருக்கிறது என்றால் இதை வாசியுங்கள்.

நன்றாக ஒட்டிப் பரவும் கலம் நன்றாக நகரும் என்று எண்ணுவது இயல்பு. அது உண்மையில்லை. எஃப்ஏகே இல்லாத எலிக் கலங்களை 1995இல் பார்த்தபோது ஒட்டிடங்கள் குறையவில்லை, கூடியிருந்தன. ஆனால் கலங்கள் மெதுவாக நகர்ந்தன. பிடித்ததை விட முடியாமல் நின்றன. வின்குலின் இல்லாத கலங்களில் நேர்மாறு: குறைவாகப் பரவின, பிடி பலவீனம், ஆனால் வேகமாக நகர்ந்தன. 1997இல் பாலெசெக்கும் மற்றவர்களும் தட்டில் பூசும் பைப்ரோநெக்டினின் அளவையும் கலத்திலுள்ள இன்டெக்ரினின் அளவையும் மாற்றி மாற்றி வேகத்தை அளந்தார்கள். ஒட்டும் பலம் நடுத்தரமாக இருந்தபோதுதான் வேகம் உச்சம். குறைந்தாலும் வேகம் குறைந்தது, கூடினாலும் குறைந்தது.

ஆகவே உங்கள் மருந்தோ மரபணு மாற்றமோ ஒட்டுதலைக் கூட்டியது என்று கண்டால், நகர்வு கூடுமா குறையுமா என்று அதிலிருந்து சொல்ல முடியாது. நீங்கள் அந்த வளைவின் எந்தப் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது. பைப்ரோநெக்டினை ஒரே செறிவில் மட்டும் பூசிச் செய்த பரிசோதனை அதனால்தான் எனக்குப் போதாது. குறைந்தது மூன்று செறிவுகளில் செய்யுங்கள். செலவு கொஞ்சம் கூடும், ஆனால் பதில் தலைகீழாகிவிடும் ஆபத்து போய்விடும்.

ஐந்தாம் படி: கொழும்பில் எங்கே, எதைக் கொண்டு

கொழும்புப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடமும், உயிர் இரசாயனவியல், மூலக்கூற்று உயிரியல், உயிர்த் தொழில்நுட்ப நிறுவனமும் குமாரதுங்க முனிதாச மாவத்தையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. மருத்துவ பீடம் கின்ஸி வீதியில். மேற்பார்வையாளரைத் தேடும்போது, கல வளர்ப்பு வசதி இருக்கிறதா என்று மட்டும் கேட்காமல், தலைகீழ் நுணுக்குக்காட்டியில் கமெரா இருக்கிறதா, ஒரே இடத்தை மறுபடி படம் எடுக்க முடியுமா என்றும் கேளுங்கள். இரண்டாவதற்கு ஆம் என்ற பதில் கிடைத்தால் விலைகூடிய கருவிகள் இல்லாமலே நல்ல வேலை செய்யலாம்.

விடயம் தேடி அலைய வேண்டியதில்லை. இலங்கை ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் வாய்ப்புற்று முன்னணியில் நிற்கிறது. வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லும் பழக்கத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு. வாய்க் கலங்களைப் பக்கத்துக் கலங்களோடு பிணைத்து வைக்கும் ஈ-காதெரின் குறையும்போது அவை பிரிந்து ஊடுருவத் தொடங்குவது இந்தத் துறையின் மையமான கேள்விகளில் ஒன்று. நீரிழிவுக்காரரின் காலில் ஆறாத புண்ணும் தோல் கலங்களின் நகர்வோடு தொடர்புள்ள பிரச்சினைதான். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் நீரிழிவுள்ள ஒருவரைச் சந்திக்கலாம். உங்கள் ஆய்வை வீட்டில் அம்மாவுக்கு விளக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

கல வரிசைகளும் பிறபொருளெதிரிகளும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். கட்டளை கொடுத்ததும் கைக்கு வரும் என்று திட்டம் போடாதீர்கள். முதல் கிழமையே பட்டியலைக் கொடுத்துவிட்டு, காத்திருக்கும் காலத்தில் கையில் உள்ள கலங்களில் பழகுங்கள்.

காத்திருக்கும் காலத்தில் செய்ய அருமையான ஒரு வேலையும் உண்டு. மீன் செதிலில் ஒட்டியிருக்கும் கெரட்டோசைட் என்ற தோல் கலங்கள் நிமிடத்துக்கு 10 மைக்ரோமீற்றருக்கு மேல் ஊரக்கூடியவை. கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நகரும். அவற்றுக்கு 37 பாகையும் வேண்டாம், காபனீரொட்சைட்டும் வேண்டாம். கொழும்பின் அறை வெப்பநிலையே வெப்பமண்டல மீனின் கலத்துக்குப் பொருத்தம். உயிருள்ள வளர்ப்பு மீனிலிருந்து ஒரு செதிலை மெதுவாக எடுத்து, எல்-15 மீடியத் துளியில் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து, இன்னொரு மெல்லிய தகட்டால் மூடிவிட்டால், சில மணித்தியாலங்களில் கலங்கள் செதிலை விட்டு வெளியே ஊர்ந்து வரும். மீனைத் தொடுமுன் பீடத்தின் நெறிமுறைக் குழுவிடம் அனுமதி பெறுங்கள். சிறிய மீன், ஒரே ஒரு செதில் என்றாலும் அனுமதி அனுமதிதான். முன் விளிம்பு நீள்வதையும் பின்முனை விடுவதையும் ஒருமுறை இப்படிப் பார்த்துவிட்டவருக்கு முதற்படியில் சொன்ன நான்கு வேலைகளையும் மனப்பாடம் செய்ய வேண்டியிராது.

ஆறாம் படி: பரவலை அளத்தல்

கண்ணாடித் தகடுகளை மில்லிலீற்றருக்கு 10 மைக்ரோகிராம் பைப்ரோநெக்டினில் 37 பாகையில் ஒரு மணித்தியாலம் வையுங்கள். இது நடுச் செறிவு. இதற்குக் கீழும் மேலும் ஒவ்வொன்று சேருங்கள். பிறகு வெப்பத்தால் இயல்பழித்த 1% பிஎஸ்ஏ (மாட்டுச் சீரத்து அல்புமின் புரதம்) கரைசலில் அரை மணித்தியாலம் வைத்து, வெற்றிடங்களை மூடுங்கள்.

கலங்களைத் தட்டிலிருந்து எடுப்பதில் கவனம் வேண்டும். கலங்களைத் தட்டிலிருந்து கழற்றப் பாவிக்கும் திரிப்சின் என்ற நொதியம் கல மேற்பரப்புப் புரதங்களையும் வெட்டும். அதோடு சேர்க்கும் இடிடிஏ (EDTA) இன்டெக்ரினுக்குத் தேவையான கல்சியம், மக்னீசியம் அயன்களைப் பறிக்கும். எனவே குறுகிய நேரம் மட்டும். வழக்கமாகத் திரிப்சினை நிறுத்த சீரம் ஊற்றுவோம், இங்கே அது கூடாது. சீரத்திலேயே பைப்ரோநெக்டினும் விட்ரோநெக்டினும் இருக்கின்றன. நீங்கள் பூசிய தளத்தில் கலம் பரவியதா, சீரத்திலிருந்து வந்து படிந்ததில் பரவியதா என்று பிறகு சொல்ல முடியாது. சோயாவிலிருந்து எடுக்கும் திரிப்சின் தடுப்பானைப் பாவியுங்கள். அதன் பின் சீரமில்லாத மீடியத்தில் கலங்களை 20, 30 நிமிடம் மிதக்க விட்டுத் தேறவிடுங்கள்.

கலங்களை ஐதாக விதையுங்கள். ஒன்றையொன்று தொட்டால் பரப்பளவு அளக்க முடியாது. 10, 20, 40, 60 நிமிடங்களில் வெவ்வேறு தகடுகளை நிலைப்படுத்துங்கள். ஆரம்ப நேரத்துத் தகடுகளைக் கழுவ வேண்டாம்: அரைகுறையாகப் பிடித்த கலங்கள் கழுவுப்பட்டுப் போய், நன்றாகப் பரவியவை மட்டும் மிஞ்சி, பரவல் வேகமாக நடந்தது போலத் தோற்றும். மீடியத்தின் மேலேயே சம அளவு 8% பரபோர்மல்டிகைட்டை இளஞ்சூட்டில் மெதுவாகச் சேர்த்தால் இறுதிச் செறிவு 4% வரும். அந்த ஆவி நல்லதல்ல, புகைக்கூட்டுக்குள் மட்டும் செய்யுங்கள். பிறகு அக்டின் இழையோடு இணையும் ஒளிரும் பலொய்டினால் அக்டினைச் சாயமிடுங்கள். வசதி இருந்தால் வின்குலினுக்கோ பாக்சிலினுக்கோ ஒரு பிறபொருளெதிரியும் சேருங்கள். பரப்பளவை ஃபிஜி என்ற இலவச மென்பொருளில் அளக்கலாம்.

கட்டுப்பாடுகள் மூன்று வேண்டும். பிஎஸ்ஏ மட்டும் பூசிய தகட்டில் கலம் பரவக் கூடாது. பொலிலைசின் பூசிய தகட்டில் கலம் மின்னேற்றத்தால் ஒட்டும், ஆனால் இன்டெக்ரின் வழியாக ஒட்டிடங்கள் வரா. ஒட்டுவதற்கும் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை இந்தத் தகடு அழகாகக் காட்டும். மூன்றாவது, மேலே சொன்ன மூன்று அமிலப் பெப்டைட்டு. அஸ்பார்டிக் அமிலத்துக்குப் பதிலாகக் குளுட்டாமிக் அமிலம் உள்ள பெப்டைட்டை அதன் பக்கத்தில் வையுங்கள். ஒரே ஒரு அமிலம் மாறியதும் தடுக்கும் ஆற்றல் போய்விடுவதைப் பார்ப்பீர்கள்.

ஏழாம் படி: நகர்வை அளத்தல்

கொழும்பில் அதிகம் பேர் செய்வது கீறல் பரிசோதனை. மூலிகைச் சாறுகள் புண்ணை ஆற்றுமா என்று பார்க்கவும் இதைத்தான் பாவிக்கிறார்கள். கலங்கள் தட்டை நிரப்பியதும் 200 மைக்ரோலீற்றர் டிப்பால் நேராக ஒரு கோடு கீறி, உதிர்ந்த கலங்களைக் கழுவி, இடைவெளி மூடுவதை 0, 6, 12, 24 மணித்தியாலங்களில் படமெடுப்பார்கள். எளிதுதான், ஏமாற்றவும் செய்யும்.

முதலாவது, இடைவெளி கலங்கள் பெருகுவதாலும் மூடும். சீரத்தைக் குறையுங்கள், அல்லது மைற்றோமைசின்-சி கொண்டு பிரிவை நிறுத்துங்கள். கலம் இரட்டிக்கும் நேரத்துக்குள்ளேயே பரிசோதனையை முடிப்பதும் உதவும். இரண்டாவது, சாறு கலங்களைக் கொன்றால் இடைவெளி மூடாது. அதை நகர்வுத் தடை என்று எழுதிவிடக் கூடாது, ஆகவே அதே செறிவில் உயிர்த்தன்மைச் சோதனை அவசியம். மூன்றாவது, டிப் கலங்களோடு சேர்த்துத் தளத்தில் பூசியதையும் சுரண்டிக்கொண்டு போய்விடும். பைப்ரோநெக்டினின் பங்கைப் பற்றிய கேள்விக்கு இந்த முறை பொருந்தாது. அதற்குச் சிலிக்கன் தடுப்பு வைத்து எடுக்கும் முறை நல்லது.

மூடிய சதவீதத்தை மட்டும் எழுதாமல் விளிம்பின் வேகத்தைக் கணக்கிடுங்கள். 600 மைக்ரோமீற்றர் இடைவெளி 20 மணித்தியாலத்தில் மூடினால் ஒவ்வொரு விளிம்பும் 300 மைக்ரோமீற்றர் போயிருக்கிறது. மணித்தியாலத்துக்கு 15, நிமிடத்துக்கு 0.25 மைக்ரோமீற்றர். இப்படி எழுதினால் வேறோர் ஆய்வுகூடத்தின் எண்ணோடு ஒப்பிடலாம். சதவீதத்தை ஒப்பிட முடியாது, ஏனென்றால் ஒவ்வொருவர் கீறலும் ஒவ்வோர் அகலம்.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல்: 37 பாகையிலிருந்து தட்டை எடுத்து ஏசி போட்ட நுணுக்குக்காட்டி அறைக்குள் கொண்டுபோனதும் மூடியின் உட்புறம் நீர்த்துளி படியும், கலங்களும் குளிரும். குளிர்ந்த கலம் நகர்வை நிறுத்திச் சுருங்கும். ஏசியை முன்கூட்டியே நிறுத்திவையுங்கள். தட்டின் அடியில் மெல்லிய மார்க்கரால் குறுக்குக் கோடு போட்டு வைத்தால் அதே இடத்தை உடனே கண்டுபிடித்துச் சில நிமிடங்களில் திருப்பி வைத்துவிடலாம். மின்வெட்டு நேரத்தில் இன்கியூபேட்டர் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதையும் பரிசோதனைக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கீறலில் கலங்கள் கூட்டமாக நகர்கின்றன. தனிக் கலத்தின் வேகம் வேண்டுமென்றால் ஐதாக விதைத்து, 10 நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்து, ஃபிஜியில் ஒவ்வொரு கலத்தின் பாதையையும் குறியுங்கள். மொத்தப் பாதையின் நீளத்தையும், தொடக்கத்திலிருந்து முடிவுக்கு நேர்த்தூரத்தையும் தனித்தனியே எழுதுங்கள். வேகமாக ஓடி அதே இடத்தில் சுற்றும் கலமும், மெதுவாக ஆனால் நேராகப் போகும் கலமும் வேறு வேறு புரதங்களின் கதையைச் சொல்பவை.

எட்டாம் படி: இடைத்தாக்கம்தான் காரணம் என்று காட்டுதல்

ஒரு புரதத்தை அகற்றினால் நகர்வு மாறியது என்பது, அந்தப் புரதம் தேவை என்று மட்டுமே சொல்லும். அது யாரோடு இணைவதால் தேவை என்று சொல்லாது. அதற்கு அந்த இணைப்பை மட்டும் உடைக்கும் மாற்றம் வேண்டும்.

எஃப்ஏகேயே நல்ல உதாரணம். இன்டெக்ரின் பிடித்ததும் எஃப்ஏகே தன் 397ஆம் இடத்துத் தைரோசினில் தானே பொசுபேற்றுச் சேர்த்துக்கொள்ளும். அந்த இடத்தில் சார்க் என்ற கைனேஸ் வந்து இணையும். எஃப்ஏகே இல்லாத கலங்களுக்கு முழு எஃப்ஏகேயைத் திருப்பிக் கொடுத்தபோது நகர்வு திரும்பியது. அந்த ஒரு தைரோசினை மாற்றிய எஃப்ஏகேயைக் கொடுத்தபோது திரும்பவில்லை. புரதம் கலத்துக்குள் இருந்தது, இணைப்பு இல்லை. இந்த வகைச் சான்றைத்தான் நாம் தேட வேண்டும்.

மரபணு மாற்றத்துக்கு வசதி இல்லாத இடத்தில் தடுப்பான்கள் உதவும், எச்சரிக்கையோடு. ரோ-கைனேசுக்கு வை-27632 வழக்கமாக 10 மைக்ரோமோலரில். ஆர்ப்2/3க்கு சிகே-666, அதோடு செயலற்ற இரட்டையான சிகே-689ஐக் கட்டுப்பாடாக. மயோசினுக்கு பிளெபிஸ்டற்றின். நீல ஒளி பட்டால் அது கெட்டுக் கலத்துக்கு நஞ்சாகும், ஆகவே ஒளிர்வுப் படம் எடுக்கும்போது பாவிக்க வேண்டாம். வை-27632 கொடுத்த கலங்களைக் கண்ணால் பாருங்கள்: பின்முனை விடாமல் நீண்ட வாலோடு நிற்கும். எண்ணை எழுத முன் உருவத்தைப் பார்க்கும் பழக்கம் எந்த மென்பொருளாலும் கிடைக்காது.

கடைசியாக, எண்ணிக்கை. ஒரே தட்டில் 200 கலங்களை அளந்தால் உங்களுக்கு 200 தரவுகள் இல்லை, ஒன்றுதான். வேறு நாள், வேறு பாசேஜ் (கலங்களைப் புதுத் தட்டுக்கு மாற்றிய தடவை), புதிதாகப் பூசிய தகடு என்று குறைந்தது மூன்று முறை தனித்தனியாகச் செய்து, ஒவ்வொன்றின் சராசரியையும் ஒரு புள்ளியாக எடுத்துப் புள்ளிவிபரம் செய்யுங்கள். எது கட்டுப்பாடு, எது மருந்து என்று தெரியாதபடி படங்களின் பெயரை ஆய்வுகூடத்து அக்காவிடமோ அண்ணாவிடமோ கொடுத்து மாற்றச் சொல்லிவிட்டு அளவெடுங்கள். பெயர்ப் பட்டியலை அளந்து முடியும் வரை அவர்களிடமே வைத்திருக்கச் சொல்லுங்கள். பரவலும் நகர்வும் எதிரெதிராக வந்தாலும் இரண்டையும் அப்படியே ஒரே அட்டவணையில் எழுதி மேற்பார்வையாளரிடம் கொண்டுபோங்கள். அடுத்த பரிசோதனை எது என்பதை அந்த அட்டவணையை வைத்துத்தான் பேச முடியும்.